வயதைச் சொல்லி வழக்கைப் பறிக்கலாமா?

போன மாதம் வழக்கமான பரிசோதனைக்காக டாக்டரிடம் போயிருந்தேன். துணைக்கு மகனும் வந்திருந்தான். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்துக் கேட்டார்: "அப்பாவுக்கு ஞாபகமெல்லாம் எப்படி இருக்கு?"

நான் எதிரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடமே கேட்டிருக்கலாம். நல்லவேளை, மகன், "அவரையே கேளுங்க சார், எனக்கே அவர்தான் எல்லாத்தையும் ஞாபகப்படுத்துவார்" என்றான். சின்ன விஷயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அப்போதுதான் நான் இரண்டு வருஷமாகத் தொடர்ந்து படித்துவரும் ஒரு அமெரிக்க நீதிபதியின் கதையை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. நான் மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் கோர்ட் செய்தியானாலும் விடாமல் படிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

அந்த நீதிபதியின் பெயர் பாலின் நியூமன். 1927 ஜூன் 20 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். 2025 ஜூனில் 98 வயது முடிந்தது. வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 1984-ல் நீதிபதியானார். இன்றைக்கும் நீதிபதிதான். பதவி இருக்கிறது, சம்பளம் வருகிறது. ஆனால் 2023-லிருந்து ஒரு புதிய வழக்குக் கட்டுகூட அவர் மேஜைக்கு வருவதில்லை. நிறுத்தி வைத்தது அரசாங்கம் அல்ல, நாடாளுமன்றமும் அல்ல. அதே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும் சக நீதிபதிகள்.

இந்த அம்மாள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சட்டம் படிப்பதற்கு முன் அவர் ஒரு விஞ்ஞானி. 1952-ல் யேல் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் வேதியியலில் அவ்வளவு தூரம் போவது அமெரிக்காவிலும் அபூர்வம்தான். அமெரிக்கன் சயனமிட் என்ற கம்பெனியில் ஆராய்ச்சியாளராக இருந்தார். பிறகு எஃப்.எம்.சி. என்ற கம்பெனியின் பேடண்ட் பிரிவில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1958-ல் பட்டம் பெற்றார். அதே கம்பெனியில் முப்பது வருஷம். நடுவில் 1961-62-ல் பாரிஸில் யுனெஸ்கோவில் பணி.

1970-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு பெரிய குறை இருந்தது. பேடண்ட் வழக்குகளில் ஒரு வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு மாதிரி தீர்ப்புச் சொல்லும், இன்னொரு வட்டாரம் வேறு மாதிரி சொல்லும். ஆகவே இந்த வழக்குகளுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரே மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டும் என்று வாதாடியவர்களில் நியூமனும் ஒருவர். 1982-ல் அந்த நீதிமன்றம் உருவானது. ஏற்கெனவே இருந்த இரண்டு நீதிமன்றங்களின் நீதிபதிகளை அதில் சேர்த்தார்கள். 1984-ல் ஜனாதிபதி ரீகன் நியூமனை நியமித்தார். பழைய நீதிமன்றங்களிலிருந்து வராமல், நேராக அந்த நீதிமன்றத்துக்கென்றே நியமிக்கப்பட்ட முதல் நீதிபதி அவர்தான். தான் கட்டச் சொன்ன வீட்டில்தான் இன்று அவருக்குத் திண்ணையில் இடம்.

அந்த நீதிமன்றம் பேடண்ட் மட்டும் பார்ப்பதில்லை. முன்னாள் ராணுவத்தினரின் உதவித்தொகை வழக்குகளும், மத்திய அரசு ஊழியர்களின் பணி வழக்குகளும் அங்கேதான் மேல்முறையீட்டுக்கு வரும். ஆகவே நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு அந்நியமான இடம் என்று நினைத்துவிட வேண்டாம்.

நியூமன் பேர் எடுத்தது மாறுபட்ட தீர்ப்புகளுக்காக. பெஞ்சில் இரண்டு பேர் ஒரு பக்கம் போனால், மூன்றாவது ஆளாகத் தனியே நின்று காரணங்களை எழுதி வைப்பார். ஒரு உதாரணம். ஒரு பேடண்டை எதிர்த்து மனு வந்தால், அதில் ஆட்சேபித்த எல்லா அம்சங்களுக்கும் பேடண்ட் அலுவலகம் முடிவு சொல்ல வேண்டுமா, அல்லது தனக்கு விருப்பமான சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி எழுந்தது. சில அம்சங்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும் என்றது 2016-ல் அவருடைய நீதிமன்றம். நியூமன் மட்டும், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும் என்று எழுதினார். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதையேதான் சொன்னது. மாறுபட்ட தீர்ப்பு எழுதியபோது அவருக்கு 89 வயது ஆகியிருக்கலாம், 88 ஆகியிருக்கலாம். எப்படியும் நம்மில் பலரைவிட மூத்தவர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

2023 மார்ச்சில், நியூமனுக்கு 95 வயதாக இருந்தபோது, தலைமை நீதிபதி கிம்பர்லி மூர் அவர் மீது ஒரு விசாரணையைத் தொடங்கினார். 1980-ல் வந்த ஒரு சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. தீர்ப்பு எழுதத் தாமதம், மறதி, குழப்பம், ஊழியர்களிடம் நடந்துகொள்ளும் விதம் என்று பட்டியல் போட்டார்கள். விசாரிக்க மூன்று பேர் குழு. தலைமை நீதிபதியே அதில் ஒருவர். மற்ற இருவரும் அதே நீதிமன்ற நீதிபதிகள். நாங்கள் சொல்லும் நரம்பியல் டாக்டரிடம் போ, ஞாபக சக்தி சோதனைகளைச் செய்துகொள், மருத்துவ ஆவணங்களைக் கொடு என்று உத்தரவு போட்டார்கள்.

நியூமன் மறுத்தார். இந்த விசாரணையை வேறு வட்டார நீதிமன்றத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். மாற்ற விதிகளில் இடம் இருக்கிறது. மாற்றவில்லை. தானாகவே டாக்டர்களிடம் போய் சான்றிதழ் வாங்கி வந்தார். அது போதாது என்றார்கள். 2023 செப்டம்பரில், விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பதையே குற்றமாக எழுதி, ஓராண்டுக்குப் புதிய வழக்குகள் கிடையாது என்று உத்தரவிட்டார்கள். 2024-ல் இன்னொரு ஆண்டு. 2025-ல் மறுபடியும் ஓர் ஆண்டு.

கவனிக்க வேண்டியது இதுதான். அவருக்கு மூளை மங்கிவிட்டது என்று எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சோதனைக்கு வரவில்லை என்பதற்காகத்தான் தண்டனை. ஆனால் ஊர் உலகம் என்ன நினைக்கும்? "பாவம், வயசாயிடுச்சு, அதான் உட்கார வெச்சுட்டாங்க" என்றுதானே நினைக்கும்? நிரூபிக்காமலே ஒரு பழியைச் சுமத்த இதைவிட லகுவான வழி கிடையாது.

கோர்ட்டில் வேலை பார்த்த எவனுக்கும் தெரிந்த பாலபாடம் ஒன்று உண்டு. புகார் கொடுத்தவரே நீதிபதியாக உட்காரக் கூடாது. முன்சீப் கோர்ட்டில்கூட, கட்சிக்காரர் தனக்குத் தெரிந்தவர் என்றால் நீதிபதி கட்டை வேறு கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார். இதற்காகவே எத்தனையோ கட்டுகளை நானே சுமந்து போய்க் கொடுத்திருக்கிறேன். இங்கே புகாரை ஆரம்பித்தவர் விசாரணைக் குழுவில் இருக்கிறார். சாட்சி சொன்ன ஊழியர்கள் அதே அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். முடிவு சொன்னவர்கள் நாற்பது வருஷமாக நியூமன் யாருடைய தீர்ப்புகளை எதிர்த்து எழுதினாரோ, அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகள். அவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கலாம். கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. நல்லவர்களையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது என்பதற்காகத்தானே விதி?

இரண்டாவது, அமெரிக்க அரசியல் சட்டம். நன்னடத்தை உள்ளவரை ஃபெடரல் நீதிபதி பதவியில் இருப்பார் என்று அது சொல்கிறது. நீக்க வேண்டுமானால் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்ட வேண்டும், செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஆமோதிக்க வேண்டும். இருநூறு வருஷத்துக்கு மேலான சரித்திரத்தில் அப்படி நீக்கப்பட்ட ஃபெடரல் நீதிபதிகள் எட்டே பேர். 1980-ம் வருஷச் சட்டமும் சக நீதிபதிகள் ஒருவரைப் பதவியிலிருந்து நீக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. தற்காலிகமாக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வழக்குகளை நிறுத்தலாம், அவ்வளவுதான். ஐம்பது வயதுக்காரருக்கு ஓராண்டு தற்காலிகம். 96 வயதில் ஓராண்டு, 97-ல் ஓராண்டு, 98-ல் ஓராண்டு என்றால் அதற்குப் பெயர் தற்காலிகமா? நீக்கவில்லை, நாற்காலி அப்படியே இருக்கிறது என்று சொல்வது, சாப்பாட்டை நிறுத்திவிட்டு இலையை எடுக்கவில்லையே என்று சொல்வது போல.

நியூமன் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் தள்ளுபடி. 2025 ஆகஸ்டில் மேல்முறையீட்டிலும் தோற்றார். ஆனால் அந்த நீதிபதிகளே, அவர் எழுப்பும் கேள்விகள் முக்கியமானவை, கனமானவை என்று ஒப்புக்கொண்டார்கள். பழைய தீர்ப்பு ஒன்று எங்கள் கையைக் கட்டிப் போட்டிருக்கிறது என்றார்கள்.

எதிர்ப் பக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் நான் கோர்ட்டில் இருந்ததற்கே அர்த்தமில்லை. வயதானால் எல்லோருக்கும் எல்லாம் சரியாக இருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸுக்கு 1974 கடைசி நாளில் பக்கவாதம் வந்தது. அதன் பிறகும் மாதக்கணக்கில் விலக மறுத்தார். அவர் ஓட்டால் முடிவாகும் வழக்குகளையெல்லாம் ஒத்திவைக்கும்படி ஆனது. 1975 நவம்பரில்தான் விலகினார். பாதிக்கப்பட்டது யார்? வாய்தா வாய்தாவாக அலைந்த கட்சிக்காரன். நீதிபதியின் நாற்காலி நீதிபதிக்காக அல்ல, கட்சிக்காரனுக்காக. இதை மறந்து வயதைக் கேடயமாகப் பிடிப்பதும் தப்புதான். நியூமன் என் சொந்த அக்காவாக இருந்தால், "வேறு வட்டாரத்துக்காரர்கள் நியமிக்கும் டாக்டர் என்றால் கட்டாயம் போ அக்கா" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அந்த வழியைத்தானே அடைத்தார்கள்? விசாரணையை வேறு வட்டாரத்துக்கு அனுப்பியிருந்தால் யாருக்கு நஷ்டம்? மூளை சரியில்லை என்று அவர்கள் கண்டுபிடித்தால் ஊரே நம்பியிருக்கும். சரியாக இருக்கிறது என்று சொன்னால் ஒரு நல்ல நீதிபதி வேலையைத் தொடர்ந்திருப்பார். இரண்டில் எது நடந்தாலும் நீதிமன்றத்துக்கு மரியாதை. அவரோடு அதே பெஞ்சில் பல வருஷம் இருந்த முன்னாள் தலைமை நீதிபதி பால் மிஷேல், நியூமனுக்கு ஆதரவாக வெளிப்படையாகவே பேசினார். அப்படிப்பட்டவர் வாய் திறக்கும்போதாவது யோசித்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. இதே நீதிமன்றத்தில் கைல்ஸ் ரிச் என்று ஒரு நீதிபதி இருந்தார். 1904-ல் பிறந்தவர். அமெரிக்காவின் 1952 பேடண்ட் சட்டத்தை எழுதியவர்களில் ஒருவர். 1998-ல், 94 வயதில், பேடண்ட் உலகத்தையே புரட்டிப்போட்ட ஒரு தீர்ப்பை எழுதினார். 1999 ஜூனில் 95 வயதில் காலமாகும்வரை அங்கே முழுநேர நீதிபதி. ஆக, 95 என்பது ஒரு எண், அவ்வளவுதான். அதற்குப் பின்னால் இருக்கும் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். அதைப் பார்க்க வேண்டியது பாரபட்சம் இல்லாத கண்.

நம் நாட்டில் இந்தத் தொல்லையே கிடையாது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65. அன்றோடு சரி. நல்ல மூளையோடு இருப்பவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு 58-ல் மாலை போட்டு அனுப்பினார்கள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவமானமாக இல்லை. ஏனென்றால் அந்த விதி நான் வேலையில் சேருவதற்கு முன்பே இருந்தது, எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. என் பக்கத்து மேஜைக்காரர், "இவருக்கு ஞாபகம் போதாது" என்று சொல்லி என்னை அனுப்பவில்லை.

அமெரிக்கர்களுக்கு நீதிபதிகளின் வயது கவலையாக இருந்தால், அரசியல் சட்டத்தைத் திருத்தி ஒரு வயதை எழுதட்டும். 75 என்று வைக்கட்டும், 80 என்று வைக்கட்டும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அல்லது, சந்தேகம் வந்தால் வெளி வட்டாரந்தான் விசாரிக்க வேண்டும் என்று கட்டாய விதி போடட்டும். இரண்டையும் செய்யாமல், ஒரு கிழவியை மட்டும் தனியே நிறுத்தி, அவளோடு பல வருஷம் வாதாடியவர்களே முடிவு கட்டுவது நீதி அல்ல. அதை ஒரு நீதிமன்றமே செய்வதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

முடிவெடுக்கும் முன் எங்களிடமும் கேளுங்கள், கேட்பவர் நடுநிலையானவராக இருக்கட்டும் என்பதுதான் வயதானவர்கள் கேட்பது. சலுகை கேட்கவில்லை. நாற்காலியில் எதிரே உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடம் அவரைப் பற்றி விசாரிக்காதீர்கள்.