இரைச்சல் போயிட்டுது, குரலும் போயிட்டுது

எங்கட வீட்டுப் பெரியாக்கள் வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப்பணியைச் சிற்றலையில் கேட்டவை. பிலிப்பைன்சில இருந்து வாற ஒலி கூடும், குறையும், நடுவில இரையும். ஆனாலும் ஆரோ ஒருத்தர் நேயர் கடிதம் வாசிப்பார்; அதுக்காகவே காத்திருப்பினம். 2018 ஜூனோடு சிற்றலை நின்று, சேவை இணையத்துக்கு மாறியது.

இப்போது கைபேசியில் 24 மணித்தியாலமும் கிறிஸ்தவப் பாட்டு. இரைச்சல் இல்லை. ஆனால் நாங்கள் கேட்கிற நிலையங்களில் பிரசங்கம் மெல்லமாக் கேக்கும். சத்தத்தைக் கூட்டினால் அடுத்த பாட்டு காதைப் பிளக்கும். ஏற்கெனவே சுருக்கின எம்பி3 கோப்பைத் திரும்பவும் சுருக்கி அனுப்பினால், தாளச் சத்தம் கரகரக்கத்தான் செய்யும். நல்ல மூலப் பதிவைத் தேடி எடுங்கோ. ஒலியளவைச் சமப்படுத்த ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும்.

அதைவிடப் பெரிய குறை, பாட்டுக்குப் பின்னால் பாட்டுத்தான். எழுதினது ஆர், பாடினது ஆர் எண்டு சொல்ல ஆளில்லை. வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனை போனாலும் அவர் பெயர் வராது. தபசு காலத்தில் எங்கட ஊர்களில் படிக்கிற வியாகுலப் பிரசங்கத்தை ஒருநாளும் கேட்டதில்லை.

பாட்டுப் பட்டியலை ஓடவிட வானொலி எதுக்கு? கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஒரு ஊர்ப் பாடகர் குழுவுக்கு முன்னால் மைக்கை வையுங்கோ. அவையளைக் கதைக்கவும் விடுங்கோ. கொஞ்சம் இரைஞ்சாலும் நாங்கள் கேட்பம்.