சேமித்த பிறகுதான் அனுப்ப வேண்டுமா?

திருவண்ணாமலையில் என் மாணவர் ஒருவர், சேவையகக் கணிப்பொறியின் நினைவகத்தில் வரைந்த அலைப்படத்தை வட்டில் கோப்பாக எழுதி, மறுபடி படித்து, எச்.டி.டி.பி. வழியே வேறொரு கணிப்பொறிக்கு அனுப்பினார். இந்தச் சுற்றுவழி எதற்கு? படம் என்பது எண்வரிசையே அன்றோ! பி.என்.ஜி. படமாயின் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்று தொடங்கும். அது வட்டிலிருந்து வந்ததா, நினைவகத்திலிருந்து வந்ததா என்பது பெறும் கணிப்பொறிக்குத் தெரியாது. படத்தின் வகையும் அது முடியும் இடமும் தெரிந்தால் போதும்.

2008 நவம்பர் 14 அன்று சந்திரயான்-1 இலிருந்து பிரிந்த மோதுகலம், சுமார் 25 நிமிடங்களில் நிலவில் மோதியது. விழும்போதே படங்களைத் தாய்க்கலத்துக்கு அனுப்பிவிட்டது. தன்னிடமே சேமித்திருந்தால் என்னவாகியிருக்கும்?

இணைப்பு அறுந்தால்? ‘கிடைத்தது’ என்ற மறுமொழி வரும்வரை நினைவகத்தில் அழிக்காமல் வைத்திருந்து மறுபடி அனுப்பலாம். மின்சாரம் நின்றால் படம் போய்விடும். மீண்டும் வரைய இயலாத படமென்றால், வட்டில் எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை.