அப்டேட்டா, ஆப்பா?

நேத்து வீட்டுப் பொட்டியில உலாவி தானாவே அப்டேட் ஆயிடுச்சு. திறந்தா வெறும் வெள்ளைத் திரை. அம்மா பதறிப்போய், "நான்தான்டா எதையோ அமுக்கிட்டேன்"னாங்க. தப்பு பண்ணது யாரு, குற்ற உணர்ச்சி யாருக்கு?

பழைய பதிப்பைப் போட்டா, புதுசு தொட்ட புரொஃபைலைத் திறக்க மாட்டேங்குது. புக்மார்க் கோப்பை மட்டும் காப்பாத்தினேன். சேமிச்ச கடவுச்சொல் அத்தனையும் போச்சு.

பாதுகாப்பு ஓட்டையை உடனே அடைக்கணும், மறுக்கல. அதுகூடவே புது மூஞ்சியையும் ஏன் திணிக்கணும்? பயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர் 2012லேயே வந்தாச்சு: பாதுகாப்பு ஒட்டு உடனுக்குடன், புது அம்சம் ஏறக்குறைய வருஷத்துக்கு ஒரு தடவை. பெரிய ஆபீஸுக்குன்னு யோசிச்ச அந்த நிதானம் வீட்டுப் பொட்டிக்கு வேண்டாமா? திரும்பிப் போக வழி வைக்காத அப்டேட், அப்டேட் இல்ல, ஆப்பு.

டிஸ்கி: நானும் ஆணி புடுங்குற ஜாதிதான். அதனால அம்மாகிட்ட நானே மன்னிப்பு கேட்டுட்டேன்.