அட்டைப்பெட்டி வாட்ஸ்: இந்த ஏமாற்றுக்கு முடிவு கட்டுக!

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது, பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வாட்ஸ் எண்தான். அதை நம்பித்தான் அவர் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். வீட்டில் அந்த எண்ணுக்குரிய திறன் கிடைக்காது என்பது தயாரிப்பவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். தெரியாதவர் வாங்குபவர் மட்டுமே. இந்த வியாபாரத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

முதலில் பி.எம்.பி.ஓ. (பீக் மியூசிக் பவர் அவுட்புட்) என்ற மோசடி. இப்படி அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் இதற்குக் கிடையாது. வாய்க்கு வந்த எண்ணை அச்சிடலாம். நம் வீட்டுச் சுவரிலுள்ள 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் 230 வோல்ட்டில் தரக்கூடியது 1,380 வாட்ஸ். ‘10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’ என்று எழுதிய பெட்டியையும் அதே பிளக்கில்தான் செருகுகிறோம். சுவரிலிருந்து வாங்காத மின்சாரத்தை எந்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தர முடியாது.

இது மலிவுச் சரக்கின் சங்கதி என்று பெரிய நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டாம். விலை உயர்ந்த ஏ.வி. ரிசீவர்களிலும் வித்தை நடக்கிறது. ஒரே ரிசீவருக்கு 80 வாட்ஸ் என்று ஒரு கணக்கு, 175 வாட்ஸ் என்று இன்னொரு கணக்கு. முதலாவது, 8 ஓம் ஸ்பீக்கரில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களை ஒன்றாக ஓட்டி, டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) 0.1 சதவீதத்துக்குள் இருக்க எடுத்த அளவு. இரண்டாவது, 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், ஒரே ஒரு சேனலை ஓட்டி, டிஸ்டார்ஷனை 10 சதவீதம் வரை அனுமதித்து எடுத்தது. 10 சதவீதம் என்றால் ஒலி கரகரத்து உடைகிற நிலை. விளம்பரத்தில் பெரிதாக வருவது இந்த இரண்டாவது எண். நிபந்தனைகள் பொடி எழுத்தில் ஒளிகின்றன.

அதோடும் விடுவதில்லை. ஏழு சேனல் ரிசீவர் என்றால் 175-ஐ ஏழால் பெருக்கி 1,225 வாட்ஸ் என்கிறார்கள். ஏழு சேனல்களுக்கும் மின்சாரம் தருவது உள்ளே இருக்கும் ஒரே பவர் சப்ளை. படத்தில் வெடிச் சத்தம் எழும்பி எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்கும்போது, சேனல் ஒன்றுக்குக் கிடைப்பது வெகுவாகக் குறைகிறது. இன்னொன்றும் வாங்குபவருக்குச் சொல்லப்படுவதில்லை. வாட்ஸ் இரண்டு மடங்கானால் ஒலி அளவு கூடுவது வெறும் 3 டெசிபல். சென்சிட்டிவிட்டி (அதே வாட்ஸில் எழும் ஒலி அளவு) 3 டெசிபல் கூடுதலான ஸ்பீக்கரை வாங்கினாலே அந்தப் பலன் கிடைத்துவிடும். காதுக்கு இவ்வளவே தெரியும் வித்தியாசத்துக்காக ஆயிரக்கணக்கில் கூடுதல் விலை பிடுங்குவது அநியாயம்.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இந்தப் பித்தலாட்டத்துக்கு எதிராக 1974-லேயே ஆம்ப்ளிஃபயர் விதியைக் கொண்டுவந்தது. பிறகும் ஓட்டை இருப்பதைக் கண்டு 2024-ல் அதை இறுக்கியது. 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள் என்று அளவுமுறையை ஒன்றாக்கியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நம்மிடம் சட்டம் இல்லாமலில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. அதைப் பயன்படுத்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தயங்கக் கூடாது. பி.எம்.பி.ஓ. எண்ணை அச்சிடுவதை அடியோடு தடை செய்க. ஓம், ஹெர்ட்ஸ், டிஸ்டார்ஷன், ஓட்டிய சேனல்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வாட்ஸ் எண்ணின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வைத்திடுக. இந்திய தர நிர்ணய அமைப்பு பொது அளவுமுறையைக் கட்டாயமாக்குக. ஷோரூம்களும் இணைய விற்பனைத் தளங்களும் இந்த விவரமில்லாத சரக்கை விற்க மறுக்க வேண்டும்.

எண்ணைத் திருத்த புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. உண்மையான அளவு ஒவ்வொரு நிறுவனத்தின் சோதனைக்கூடத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பெட்டியின் மேல் அச்சிடுங்கள். மறுப்பவர்மீது அபராதம் பாயட்டும்.