ஓக் ட்ரீ ரோடுக்கு எந்த டர்போ?

பழைய சிவிக்ல 1.6 லிட்டர் என்ஜின் கட்டுறவங்க முதல்ல கேக்கறது, "எவ்வளவு பெரிய டர்போ போடலாம்?" கேள்வியே தப்புன்னு நான் சொல்வேன். 250 குதிரைத்திறனுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 25 பவுண்ட் காற்று போதும். கேரட் ஜிடி2860 அதுக்கே தாராளம். ஜிடி3582 மாட்டினா பூஸ்ட் ஏறுறதுக்குள்ள ஐசலின் சிக்னல் மறுபடி சிவப்பாயிடும். (நாலு இட்லிக்குக் கல்யாண கிரைண்டர்!) நீட்டி ஓட்ட இங்கிலிஷ்டவுன் இருந்துச்சு, அங்க டிராக் ரேஸை 2018லயே நிறுத்திட்டாங்க. மிச்சம் தெருதான். அதுவும் நியூ ஜெர்சி இன்ஸ்பெக்‌ஷன்ல, 1996 முதல் வந்த கார்ல செக் என்ஜின் லைட் எரிஞ்சா ஃபெயில். சின்ன டர்போ வாங்கி, மிச்சக் காசை ட்யூனிங்குக்கும் நல்ல கனெக்டிங் ராடுக்கும் போடுங்க, ப்ளீஸ்.