நடு வயதுக் கோளாறா? ஆண் ஆதிக்கக் கோளாறா?

சென்ற வாரம் ஒரு தோழரின் வீட்டுக் கல்யாணப் பேச்சுக்காக நாம் காரியாபட்டியில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கையில் அங்கே ஒரு பலத்த விவாதம் நடந்துகொண்டிருந்தது. விலைவாசியைப் பற்றியோ எலெக்ஷனைப் பற்றியோ இருக்குமென்று காது கொடுத்தோம். அது “பாக்கியலட்சுமி” என்னும் டி.வி. நாடகத்தைப் பற்றிய விவாதம். விஜய் டி.வி.யில் 2020-ம் வருஷம் ஜூலையில் தொடங்கி 2025-ம் வருஷம் ஆகஸ்டில் முடிந்துபோன நாடகம் அது. நாடகம் முடிந்தும் அதைப்பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை.

நாடகம் பார்க்காத தோழர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லுகின்றோம். பட்டணத்து நடுத்தரக் குடும்பம் ஒன்று. புருஷன் கோபி கம்பெனி உத்தியோகஸ்தன். மனைவி பாக்கியா அதிகம் படிக்காதவள். சமையல், துவையல், மாமனார் மாமியார், மூன்று பிள்ளைகள் என்பதே அவள் உலகம். கோபி காலேஜில் படிக்கும்போது ராதிகா என்பவளைக் காதலித்தவன். ஆனால் பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் பாக்கியாவோடு. தலை நரைக்கிற வயதில், தன் புருஷனை விட்டுப் பிரிந்து ஒரு பெண் குழந்தையோடு வாழும் ராதிகாவை மறுபடி சந்திக்கிறான். தான் இன்னார் என்பதை மறைத்து அவளோடு பழகுகிறான். கட்டின மனைவிக்குத் தெரியாமலே விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறான். உண்மை வெளிவந்த பிறகு பாக்கியா அவனை விட்டு விலகுகிறாள். அவன் ராதிகாவைக் கட்டிக்கொள்ளுகிறான். குடியிருந்த வீட்டிற்கே அவளிடம் பணம் கேட்கிறான். அவள் சமைத்துச் சம்பாதித்துக் கொடுக்கிறாள்.

இதைப்பற்றி அந்த டீக்கடையில் நான்கு விதமான அபிப்பிராயங்கள் பிறந்தன.

முதலாவது கட்சியார் சொன்னது: “எல்லாம் அந்த ராதிகாவால் வந்தது. குடிகெடுத்தவள் அவள்தான்.” இரண்டாவது கட்சியார் சொன்னது: “கோபி பாவம். படித்த மனுஷனுக்குப் பேச்சுத் துணைக்குக்கூடப் பொருத்தமில்லாத பெண்டாட்டி. நாற்பத்தைந்து வயதில் எந்த ஆம்பிளைக்கும் மனசு கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும்.” மூன்றாவது கட்சியார் ஒரு பெரியவர். அவர், “இதெல்லாம் கிரகம். ஏழரைச் சனி பிடித்தால் எவனும் இப்படித்தான் ஆடுவான்” என்று தீர்ப்புச் சொன்னார். நான்காவது கட்சியார், “என்ன இருந்தாலும் தாலி கட்டினவன், பின்னால் நெஞ்சுவலி வந்து, ராதிகாவையும் பிரிந்து, பழைய வீட்டிற்கே வந்து நின்றவனை அவள் மன்னித்துப் புருஷனாக ஏற்றுக்கொள்ள வேண்டியதுதானே?” என்றார்கள்.

இந்த நால்வரையும் ஒவ்வொருவராக விசாரிப்போம்.

முதலில் சனீஸ்வரனை எடுத்துக்கொள்ளுவோம். இந்தக் கதை தமிழில் பிறந்ததல்ல. 2019-ல் வங்காளத்தில் “ஸ்ரீமோயி” என்ற பெயரில் வந்தது. பின்பு அதே கதை மராத்தியிலும், தெலுங்கிலும், மலையாளத்திலும், ஹிந்தியில் “அனுபமா” என்ற பெயரிலும் வந்து, போன இடமெல்லாம் ஜனங்கள் அதைத் தங்கள் தெருக் கதையாகவே பார்த்தார்கள். அப்படியானால் கல்கத்தாவிலும் பம்பாயிலும் கொச்சியிலும் சென்னையிலும் உள்ள அத்தனை கோபிகளுக்கும் ஒரே சமயத்தில் சனி பிடித்ததா? அத்தனை கோபிகளுக்கும் ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொல்லிப் பணம் வாங்கினவர்கள் இந்தச் சனி வருவதை ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை? எல்லாத் தேசத்திலும் ஒரே நோய் காணப்பட்டால், அதற்குக் காரணம் ஆகாயத்தில் இல்லை; எல்லாத் தேசத்திலும் ஒரே மாதிரி இருக்கிற ஏற்பாட்டில்தான் இருக்கவேண்டும்.

அடுத்தது “நடு வயதில் மனசு தடுமாறும்” என்னும் வாதம். இதற்கு மேல்நாட்டில் ஒரு பெயரும் உண்டு. எலியட் ஜாக்ஸ் என்ற மனோதத்துவ அறிஞர் 1965-ல் எழுதிய ஒரு கட்டுரையில் “நடு வயது நெருக்கடி” என்ற சொல்லை உபயோகித்தார். 1999-ல் வந்த “அமெரிக்கன் பியூட்டி” என்ற சினிமாவில், பட்டணத்துக்கு வெளியே தோட்டமும் வீடுமாக வாழும் நாற்பத்திரண்டு வயது மனிதன் ஒருவன் வேலையை விட்டு, கார் வாங்கி, தன் மகளின் சிநேகிதியான பள்ளிக்கூடத்துப் பெண்ணின்மேல் மோகங்கொண்டு அலைகிறான். அந்தப் படத்திற்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆனால் பிற்பாடு ஆராய்ந்தவர்கள், இந்த நெருக்கடி எல்லா மனிதருக்கும் வந்தே தீரும் என்பதை ஒப்பவில்லை. சிலருக்கு வருகிறது, பலருக்கு வருவதில்லை என்றே சொல்லுகிறார்கள். ஆகவே இது நரை போல, மூப்பு போல, இயற்கையாய் வருவதென்று சொல்லித் தப்பிக்க இடமில்லை.

அப்போது டீக்கடை ஓரமாகப் பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மாள் குறுக்கிட்டார். பட்டாசு ஆபீசில் சரம் பின்னி வாரச் சம்பளம் வாங்குகிறவர். “அண்ணே, வயசாகி மனசு தடுமாறுறதுக்கு எங்களுக்கு ஏதுண்ணே நேரம்? வேலை விட்டுப் போனா அடுப்பு. அடுப்பு முடிஞ்சா பாத்திரம். காலையில மறுபடி அடுப்பு” என்றார். நாம் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தாலும் இதற்குமேல் சொல்ல முடியாது. 2019-ல் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்குப்படி, வீட்டு வேலை செய்கின்ற பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிஷம். வீட்டு வேலை செய்கின்ற ஆண்கள் செலவிடுவது 97 நிமிஷம். அதிலும் அந்த வேலையைத் தொடுகிற ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். மனசு தடுமாறுவதற்கும் ஓய்வு வேண்டும். அந்த ஓய்வு யார் முதுகின்மேல் கிடைத்தது என்று கோபிக்காகப் பரிதாபப்படுகிறவர்கள் யோசிக்கட்டும்.

இனி ராதிகாவுக்கு வருவோம். அவள் தன்னோடு பழகுகிறவன் பாக்கியாவின் புருஷன் என்று தெரியாமல் வெகுநாள் ஏமாந்தவள். பொய் சொன்னவன் கோபி, ஏமாந்தவள் ராதிகா, ஆனால் வசவு ராதிகாவுக்கு! திருடனை விட்டுவிட்டு, திருட்டுச் சொத்தென்று தெரியாமல் வாங்கினவளைக் கட்டி வைத்து அடிப்பதுபோலத்தானே இது? பெண்களே இதைச் சொல்லுவதுதான் நமக்கு அதிக வருத்தம். குஷ்டரோகிப் புருஷனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டிற்குச் சுமந்துபோன நளாயினியைப் பத்தினி என்று கதை சொல்லிச் சொல்லி வளர்த்த பலன் இது. ஆண் எவ்வளவு கெட்டாலும் பழி ஒரு பெண்ணின் தலையிலேயே விடியவேண்டும் என்பதுதான் அந்தக் கதைகளின் சாரம்.

நம்மைப் பார்த்து, “அப்படியானால் கோபி சாகும்வரை பாக்கியாவோடேயே இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?” என்று ஒரு இளைஞர் கேட்டார். ஒருக்காலும் இல்லை. இஷ்டமில்லாத இருவரை ஒரு கயிற்றால் கட்டிப்போடுவது கல்யாணமல்ல, சிறைவாசம். கோபியின் பக்கம் அரைப் பங்கு நியாயம் இருக்கின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ளுகின்றோம். அவன் மனதை யாரும் கேட்கவில்லை. ஆனால் பாக்கியாவின் மனதையும் யாரும் கேட்கவில்லையே! ஒரே குற்றத்தால் இருவரும் கெட்டார்கள். அதற்காக இருபத்தைந்து வருஷம் அவமானப்பட்டவள் அவள். ஊருக்குப் பெரிய மனிதனாக உலாவினவன் அவன். அவன் யோக்கியனாக இருந்திருந்தால், “நமக்குள் ஒத்துவரவில்லை, பிரிந்துவிடுவோம், உனக்குச் சேரவேண்டிய பங்கு இது” என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். 1976 முதல் இருவரும் சம்மதித்துப் பிரிவதற்குச் சட்டத்தில் வழியிருக்கின்றது. அந்த நேர்வழி இருக்கும்போது திருட்டுத்தனமாகக் கையெழுத்து வாங்கினதற்கு எந்த வயதும் சமாதானமாகாது.

இன்னொன்றும் கேட்கின்றோம். பழனிச்சாமி என்ற ஒருவர் பாக்கியாவிடம் நட்பாகப் பழகுகிற கட்டம் நாடகத்தில் வந்தபோது, “பேரன் எடுக்கிற வயதில் இவளுக்கு இது தேவையா?” என்று முணுமுணுத்தவர்கள் யார்? கோபிக்கு “மனசு தடுமாறும்” என்று வக்காலத்து வாங்கின அதே பேர்வழிகள்தானே? ஆணுக்கு வந்தால் நெருக்கடி. பெண்ணுக்கு வந்தால் நடத்தைகெட்ட தனமா? கற்பு என்பது நல்ல குணமானால் அது இருவருக்கும் பொது. ஒருவருக்கு மட்டுமானால் அதற்குப் பெயர் விலங்கு.

மன்னித்து ஏற்கவேண்டும் என்ற நான்காவது கட்சியாருக்கு நமது பதில் ஒரு வரிதான். நோயாளிக்குத் தண்ணீர் கொடுப்பது மனிதத்தன்மை. அவனைத் திரும்பவும் எஜமானனாக ஏற்றுக்கொள்ளச் சொல்லுவது அடிமைத்தனம். ஏற்பதும் ஏற்காததும் அந்த அம்மாளின் இஷ்டமேயொழிய தாலியின் கட்டளையல்ல.

இந்த வழக்கில் முக்கியமான விஷயத்தை நான்கு கட்சியாரும் தொடவே இல்லை. அதாவது, அந்த வீடு யாருடையது என்பது. இருபத்தைந்து வருஷம் சம்பளமில்லாமல் சமைத்தவள், வீட்டிற்காகத் தனியே பணமும் கட்டவேண்டுமாம்! இதைப் பார்த்து எல்லோரும் பாக்கியாவின் வைராக்கியத்தைப் புகழ்ந்தார்களே தவிர, கேட்பதற்கு அவனுக்கென்ன பாத்தியதை என்று ஒருவரும் கேட்கவில்லை. 2023 ஜூனில் சென்னை ஹைக்கோர்ட்டு ஒரு வழக்கில், புருஷன் வெளியே சம்பாதிக்க முடிந்ததே மனைவி வீட்டைக் கவனித்ததால்தான். ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கின சொத்தில் அவளுக்குச் சரிபாதி உண்டு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. கோவாவில் போர்த்துக்கேயர் காலத்துச் சட்டப்படி கல்யாணத்தோடேயே சொத்து பொதுவாகின்றது. மற்ற இடங்களில் ஒவ்வொரு பாக்கியாவும் கோர்ட்டு ஏறித்தான் கேட்கவேண்டியிருக்கின்றது. கோர்ட்டு ஏற வக்கீல் பீசுக்கு அவள் எங்கே போவாள்? ஆதலால் இதைச் சட்டமாகவே செய்யவேண்டும்.

நடக்காத காரியம் என்று யாரும் சிரிக்கவேண்டாம். 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தும் விவாகரத்தும் வேண்டுமென்று தீர்மானித்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள். 1949-ல் சென்னை மாகாணத்தில் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்தை அனுமதிக்கும் சட்டம் வந்தது; 1955-ல் தேசம் முழுவதற்கும் வந்தது. 1967-ல் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று தமிழ்நாட்டுச் சட்டசபை சட்டம் செய்தது. 1989-ல் இங்கே பெண்ணுக்குப் பிதிரார்ஜிதச் சொத்தில் சமபங்கு கிடைத்தது. 2005-ல் டில்லியும் அந்த வழிக்கு வந்தது. சிரித்தவர்களின் பேத்திகளே இன்று அந்தச் சட்டங்களின் பலனை அனுபவிக்கிறார்கள்.

கடைசியாக, நாம் காரியாபட்டிக்குப் போன காரியத்தைச் சொல்லி முடிக்கின்றோம். தோழர் வீட்டில் மாப்பிள்ளை, நகை, மண்டபம், தேதி எல்லாம் பேசியாகிவிட்டது. “பெண்ணைக் கேட்டீர்களா?” என்றோம். தோழர் விழித்தார். “அதுக்கென்ன தெரியும், சின்னப் பிள்ளை” என்றார். பெண்ணுக்கு வயது இருபத்துமூன்று; மதுரைக்குத் தினம் பஸ்ஸேறி வேலைக்குப் போய் வருகிறவள். “இன்று நீங்கள் கேட்காமல் விட்டால், இருபத்தைந்து வருஷம் கழித்து இன்னொரு டீக்கடையில் உங்கள் மகளைப் பற்றி நான்கு கட்சி பிரிந்து பேசுவார்கள்” என்றோம். மறுநாள் காலையில் அவர் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார். அந்தப் பெண், மாப்பிள்ளையோடு தான் இரண்டு முறையாவது பேசிப்பார்த்த பிறகே பதில் சொல்லமுடியும் என்று சொல்லிவிட்டாள். தேதி தள்ளிவைக்கப்பட்டது. மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸ் போய்விடுமே என்று தோழர் கவலைப்பட்டார். போகட்டும் என்றோம். ஒரு ஆயுளைவிட அட்வான்ஸ் பெரியதல்ல.

நாடகம் பார்க்கும் தாய்மாரும் தோழர்களும் கோபி செய்தது சரியா, ராதிகா செய்தது சரியா என்று வாதாடுவதோடு நின்றுவிடாமல், தங்கள் வீட்டில் கேட்கப்படாமல் உட்கார்ந்திருக்கிற பெண்ணையும் பையனையும் இன்றைக்கே கேட்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.