பொத்தானைச் சரியாகச் செய்வோம்

இன்றைய வாழ்வில் நாம் அதிகம் தொடும் பொருள் எது என்று கேட்டால், பலரும் கைபேசி என்பார்கள். இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் அது கைபேசிக்குள் இருக்கும் பொத்தான். ரயிலில் இடம் பதிவு செய்வதும், மின்கட்டணம் செலுத்துவதும், ஊரில் இருக்கும் தாயாருக்குப் பணம் அனுப்புவதும் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்துவதில்தான் முடிகின்றன. அந்தப் பொத்தான் எல்லோருக்கும் வேலை செய்கிறதா என்பதைப் பற்றி நாம் சிந்தித்தாக வேண்டும்.

பெங்களூரிலும், புனேயிலும், ஐதராபாத்திலும், தலைநகரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மென்பொருள் எழுதும் தமிழ் இளைஞர்கள் ஏராளம். நம் சங்கக் குடும்பங்களிலும் அப்படி ஒரு பிள்ளையாவது இல்லாத வீடு குறைவு. நாடு முழுவதும் அழுத்தும் பொத்தான்களைச் செய்வோரில் இவர்களும் உண்டு. ஆகவே இது யாரோ ஒருவரின் தொழில்நுட்ப விவகாரம் அன்று; நம் வீட்டு விஷயம்.

இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் மொழியில் பொத்தானுக்கென்றே 'பட்டன்' என்ற குறிச்சொல் இருக்கிறது. 1997இல் வெளிவந்த எச்டிஎம்எல் 4 பதிப்பிலேயே அது இடம்பெற்றுவிட்டது. அதைப் பயன்படுத்தினால் உலாவி பல வேலைகளைத் தானே செய்துவிடும். விசைப்பலகையில் டேப் விசையை அழுத்தினால் கவனம் அந்தப் பொத்தானுக்கு வரும். என்டர் விசையோ ஸ்பேஸ் விசையோ அதை இயக்கும். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள், அதன் பெயரைச் சொல்லி, 'பொத்தான்' என்றும் அறிவிக்கும். இவ்வளவும் இலவசம்.

ஆனால் நடப்பது என்ன? 'டிவ்' என்னும் வெறும் பெட்டியை வரைந்து, நிறம் பூசி, மூலைகளை வளைத்து, சுட்டியால் சொடுக்கினால் மட்டும் இயங்கும்படி ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு வரி எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கண் தெரியாதவருக்கோ, கை நடுக்கத்தால் சுட்டியைப் பிடிக்க இயலாதவருக்கோ அங்கே பொத்தானே இல்லை. சுவரில் வரைந்த கதவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் வழியே யாரும் உள்ளே போக முடியாது.

பார்வையற்றவர் கணினியைப் பயன்படுத்துவாரா என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்துகிறார். 'என்விடிஏ' என்ற திரை படிக்கும் மென்பொருளை 2006இல் தொடங்கிய ஆஸ்திரேலியரான மைக்கேல் கரன் தாமே பார்வையற்றவர். அதை இன்றும் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளில் 'டாக்பேக்' இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் 50 லட்சத்துக்கும் மேல். இது சிறிய எண்ணிக்கையா?

இவர்களுக்குப் பொத்தான் இயங்காவிட்டால் என்ன ஆகும்? வங்கிக் கணக்கின் ரகசிய எண்ணைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அவரை அழுத்தச் சொல்ல வேண்டும். படித்து, சம்பாதித்து, சொந்தக் காலில் நிற்கும் ஒருவர், தம் பணத்தைத் தாமே எடுக்க இன்னொருவரின் தயவை நாட வேண்டும். இங்கே இழக்கப்படுவது வெறும் வசதி அன்று, சுயமரியாதை.

இதற்குத் தீர்வு கடினமானதும் அன்று. இன்று எந்த நிறுவனமும் ஒவ்வொரு பக்கத்திலும் பொத்தானைப் புதிதாக எழுதுவதில்லை. 'காம்போனென்ட்' என்ற பெயரில் ஒரு முறை எழுதி, நிரல் நூலகத்தில் வைத்து, நூறு இடங்களில் எடுத்தாளுகிறார்கள். அந்த ஒன்றில் பிழை இருந்தால் நூறு இடங்களிலும் பிழை. அதைத் திருத்தினால் நூறும் திருந்தும். ஒரு மனிதரின் சில நாள் உழைப்பு லட்சக்கணக்கானவர்களுக்குக் கதவைத் திறக்கும் என்றால், அதைவிடப் பயனுள்ள வேலை எது?

அந்தக் காம்போனென்ட் எப்படி இருக்க வேண்டும்? முதலாவதாக, உள்ளே இருப்பது உண்மையான 'பட்டன்' குறிச்சொல்லாக இருக்க வேண்டும். பெட்டியை வரைந்துவிட்டு 'இது பொத்தான்' என்று ஏரியா குறிப்பு ஒட்டினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் குறிப்பு அறிவிக்க மட்டுமே செய்யும், இயக்காது. 'பொத்தான்' என்று காதில் விழுந்து, என்டரை அழுத்தினால் ஒன்றும் நடக்காத நிலை, பொத்தானே இல்லாததைவிடக் கொடுமை.

இரண்டாவது, பெயர். குப்பைத்தொட்டிப் படம் மட்டும் உள்ள பொத்தான், பெயர் தரப்படாவிட்டால், காதுக்கு வெறும் 'பொத்தான்' என்றே கேட்கும். அழிப்பதா, அனுப்புவதா என்று எப்படித் தெரியும்? படம் மட்டும் உள்ள பொத்தானைப் பெயரின்றி எழுதினால் நிரலே பிழை காட்டி நிற்கும்படி காம்போனென்டை அமைக்க முடியும். அப்படித்தான் அமைக்க வேண்டும். மறதிக்கு இடம் தரக்கூடாது.

மூன்றாவது, தோற்றம். டேப் விசையால் வந்து சேரும்போது பொத்தானைச் சுற்றித் தெரியும் கோட்டை, அழகைக் கெடுக்கிறது என்று நீக்கிவிடுகிறார்கள். விசைப்பலகையை மட்டும் நம்பியிருப்பவருக்கு, தாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டும் ஒரே அடையாளம் அதுதான். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும் என்கிறது உலக அளவிலான அணுகல் நெறி. 2023 அக்டோபரில் வந்த அதன் 2.2 பதிப்பு, தொடும் இடம் பொதுவாக 24க்கு 24 பிக்சலாவது இருக்க வேண்டும் என்கிறது. முதியோருக்கும் இது பேருதவி.

நான்காவது, காத்திருக்கும் நேரம். பணம் செலுத்தும் பொத்தானை ஒருவர் அழுத்துகிறார். பதில் வரத் தாமதமாகிறது. சுழலும் வட்டம் பார்ப்பவருக்குத் தெரியும், கேட்பவருக்குத் தெரியாது. அவர் மறுபடி அழுத்துவார். பணம் இருமுறை போகலாம். எனவே இரண்டாவது அழுத்தத்தைக் காம்போனென்டே தடுத்து, 'நடைபெறுகிறது' என்று ஒலிவழியும் தெரிவிக்க வேண்டும். பொத்தானை அடியோடு முடக்கிவிட்டால் சில உலாவிகளில் கவனம் தொலைந்துபோகும். பார்வையற்றவர் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து தேட நேரும்.

ஐந்தாவது, மொழி. ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்று ஆறெழுத்தில் முடிவது தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று நீளும். ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து அகலத்தை நிலையாக வைத்தால் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படும். உயரத்தைச் சுருக்கினால் மேற்கொம்பும் கீழ்ச்சுழியும் மறையும். ஆங்கிலப் பக்கத்தில் தமிழ்ப் பொத்தான் வந்தால், அது தமிழ் என்று நிரலில் குறிக்க வேண்டும். அப்போதுதான் படிக்கும் குரல் தமிழுக்கு மாறும்.

இன்னும் ஒன்று. எல்லாத் தேவைகளையும் ஒரே பொத்தானில் திணித்து, நாற்பது விருப்பங்களைச் சேர்ப்பதும் தவறு. இயக்கம் ஓரிடத்தில், தோற்றம் வேறிடத்தில் என்று பிரித்து வைத்தால், நிறத்தை மாற்றுபவர் விசைப்பலகை இயக்கத்தைக் கெடுக்கமாட்டார். வேறு பக்கத்துக்கு அழைத்துச் செல்வது இணைப்பு, ஒரு செயலைச் செய்வது பொத்தான்; இரண்டையும் கலக்காமல் இருப்பது நலம்.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே?' என்பார்கள். உண்மையான குறிச்சொல்லை எழுத எடுக்கும் நேரம், பெட்டியைப் பொத்தான்போல் நடிக்க வைக்கும் நேரத்தைவிடக் குறைவு. 'சட்டம் கேட்கிறதா?' என்றால், கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்கக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் கூறியது. 2025 ஏப்ரலில், அமிலவீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகளில், இணையச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்றே தீர்ப்பளித்தது. கேமராவின் முன் கண்ணிமைத்துக் காட்டச் சொன்னால், இமைக்க இயலாதவர் வங்கிக் கணக்கை எப்படித் தொடங்குவார்? ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. தீர்ப்பு நடைமுறைக்கு வருவது நிரல் எழுதுபவரின் விரல் நுனியில்தான்.

எனவே நம் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் செய்த பக்கத்தில், சுட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் விசைப்பலகையால் மட்டும் வேலை செய்து பாருங்கள். பிறகு திரை படிக்கும் மென்பொருளை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொத்தானைத் தேடி அழுத்திப் பாருங்கள். முடியவில்லை என்றால் வேலை முடியவில்லை என்று பொருள். சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்தா செலுத்தவும் விழாவுக்குப் பதிவு செய்யவும் நம் தளங்களில் இருக்கும் பொத்தான்களை முதலில் சோதிப்போம். ஊருக்குச் சொல்வதை நாம் செய்து காட்டுவதுதானே முறை!